அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: கல்யாணம், சடங்கு, கொடை, வீட்டுப் பெரியவர்கள் படம்

பாளையங்கோட்டையில் நானும் என் கணவரும் சேர்ந்து ஸ்டுடியோ நடத்துகிறோம். படம் எடுப்பது பெரும்பாலும் நான். வீடியோவும் ஆல்பம் வடிவமைப்பும் அவர் பொறுப்பு. என் அப்பா இருட்டறையில் ஃபிலிம் கழுவிய காலத்துப் புகைப்படக்காரர். தொழிலை அவரிடம்தான் படித்தேன். தொலைபேசியில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். "சுருக்கமாக எழுது" என்றார் கணவர். சில கேள்விகளுக்கு அது முடிந்தது.

எந்த ஊர்வரை வருவீர்கள்?

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்கள் முழுவதும் வருவோம். நாகர்கோவிலுக்கும் போவதுண்டு. விடியற்காலை முகூர்த்தம் என்றால் முந்தின இரவே வந்துவிடுவோம். தங்குவதற்கு உள்தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும். மற்ற வசதிகளைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

தேதியை எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும்?

மண்டபம் பிடித்த கையோடு சொல்லிவிடுங்கள். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்தமும் ஒன்றாக வந்தால் இந்த வட்டாரத்தில் ஒரு கேமராவும் வீட்டில் இருக்காது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் இந்துக் கல்யாணங்கள் அநேகமாக இல்லை. லெந்து என்னும் தவக்கால நாட்களில் கிறிஸ்தவக் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் அப்போதெல்லாம் சும்மா இருப்போம் என்று நினைக்க வேண்டாம். ஆடியில் கோயில் கொடைத் திருவிழாக்கள் வந்துவிடும். புரட்டாசியில் பாளையங்கோட்டைத் தசராச் சப்பரங்கள் இரவு முழுக்க வீதியில் நிற்கும். உண்மையிலேயே கை ஓய்வது மார்கழியில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் அந்த மாதத்து வேலைதான்.

நீங்கள் பெண். இரவு நிகழ்ச்சிக்கு வருவீர்களா? பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

வருவேன். வரவேற்பு முடிந்து நள்ளிரவு தாண்டி வீடு திரும்புவது எங்களுக்குப் புதிதல்ல.

இரண்டாவது கேள்வி எல்லா மண்டபத்திலும் வருகிறது. பந்தியில் பக்கத்து இலையில் உட்காரும் பெரியம்மா கேட்பார், மணப்பெண்ணின் அத்தை கேட்பார், சில சமயம் சமையல்காரரும் கேட்பார். இரண்டடி தள்ளி வீடியோ கேமராவோடு நிற்கும் என் கணவரிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, இத்தனைக்கும் பிள்ளைகள் அவருக்கும் பிள்ளைகள்தான்! மாமியார் பார்த்துக்கொள்கிறார். முகூர்த்த நாள் காலையில் அடுக்களை அவர் கையில். அதற்கு மறுநாள் அவர் அடுக்களைப் பக்கமே வர மாட்டார். இது எங்கள் வீட்டு ஒப்பந்தம். பள்ளி ஆண்டு விழாக்கள் தை, மாசியிலேயே வந்து விழுகின்றன. மகன் மாறுவேடப் போட்டியில் கட்டபொம்மனாக நின்றதை நான் பார்த்தது இன்னொரு பிள்ளையின் அப்பா தொலைபேசியில் எடுத்த படத்தில்தான். தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. அதையும் அச்சுப் போட்டு மாட்டியிருக்கிறேன்.

சொந்தக்காரர்களுக்குச் சலுகை உண்டா?

உண்டு. எங்களுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிக்கொண்டே போவதற்கும் அதுதான் காரணம் என்பது கணவரின் கருத்து.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

எத்தனை வேளை, எத்தனை பேர் வருகிறோம், ஆல்பம் எத்தனை பக்கம், எந்த அளவு என்பதைப் பொறுத்தது. நிச்சயத்தின்போது ஒரு பங்கு முன்பணம், கல்யாணத்தன்று ஒரு பங்கு, ஆல்பம் வாங்கும்போது மீதி. "மொய் எண்ணி முடித்ததும் தருகிறோம் அண்ணாச்சி" என்று கணவரிடம் சொல்வோரும் உண்டு. பெரும்பாலோர் தந்தும் விடுகிறார்கள். விலைப்பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், கல்யாணத்துக்கு வரும்போதே அவர்களைத் தனித்தனியாக ஒரு படம் எடுத்து அச்சுப் போட்டுத் தருவோம். அதற்குப் பணம் வாங்குவதில்லை. ஏன் என்பது கீழே வரும்.

கேண்டிட் வேண்டுமா, டிரெடிஷனல் வேண்டுமா என்று கேட்கிறார்கள். எதைச் சொல்ல வேண்டும்?

பிள்ளைகள், நிற்கவைக்காமல் இயல்பாக எடுக்கும் கேண்டிட் என்பார்கள், பெற்றோர் மேடையில் வரிசையாக நிற்கும் படம் வேண்டும் என்பார்கள். இருவர் சொல்வதும் சரி. மேடைப் படம் ஒரு வருகைப் பதிவேடு. யார் வந்தார்கள், யார் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதை இருபது வருடம் கழித்து அதில்தான் தேடுவார்கள். அப்பா காலத்தில் 120 ஃபிலிம் சுருள் ஒன்றில் பன்னிரண்டு சதுரப் படம், 35 மில்லிமீட்டர் சுருளில் முப்பத்தாறு. ஒரு கல்யாணத்துக்குச் சில சுருள்களே கொண்டுபோவார். அதனால் பொத்தானை அழுத்துமுன் ஆட்களை எண்ணுவார், கண்ணாடிக்காரர்களைத் தாடையைத் தாழ்த்தச் சொல்வார், குழந்தையை யார் மடியில் வைப்பது என்று முடிவு செய்வார். இன்று ஒரே வேளையில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம். ஆனால் மேடைப் படம் எடுக்கும்போது மட்டும் நானும் எண்ணித்தான் எடுக்கிறேன்.

மேடைக்கு வெளியே எதை எடுப்பது என்பதை எங்களிடம் விட்டுவிடுங்கள். மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைப் பாயை விரிக்கும்போது எடுப்போம். தாம்பூலப் பை போடும் சித்திமார் கூட்டத்தையும் எடுப்போம். சைவ வீட்டுக் கல்யாணம் என்றால் மறுநாள் மாப்பிள்ளைச் சொதி விருந்துக்கும் எங்களைக் கூப்பிடுங்கள். தேங்காய்ப்பாலும் இஞ்சிப் பச்சடியும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் முந்தின நாள் இறுகிக் கிடந்த முகங்கள் அந்தப் பந்தியில்தான் இளகும். பெண்ணின் அப்பா சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு முதல்முறையாகச் சம்பந்தியோடு சிரித்துப் பேசுவது அங்கேதான்.

தாலி கட்டும் நேரத்துப் படம் ஏன் பல கல்யாணங்களில் சரியாக வருவதில்லை?

கெட்டிமேளம் கொட்டியதும் முன்வரிசை முழுவதும் எழுந்து நின்று தொலைபேசியை உயர்த்துகிறது. அட்சதை லென்ஸில் படுகிறது. முடிச்சு விழுந்து முடிய ஆகும் நேரம் சில நொடிகள். மாப்பிள்ளையின் கைகள் பெண்ணின் முகத்தை மறைக்காத கோணம் ஒன்றிரண்டுதான். அங்கே ஏற்கெனவே புரோகிதரோ, விளக்கு பிடித்திருக்கும் நாத்தனாரோ இருப்பார்கள். ஆகவே மணமேடை அமைப்பவரோடு முந்தின நாளே எங்களைப் பேச விடுங்கள். ஓர் ஆள் உட்காரும் இடம் போதும்.

அடுத்தது விளக்கு. மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைக்கிறார்கள். அது ஊதா நிறத்துக்கு மாறினால் முகூர்த்தமே ஊதாவாகிவிடும். தாலி கட்டும்வரை அதை நிறுத்தி வையுங்கள் அல்லது வெளிர் மஞ்சளில் அசையாமல் விடுங்கள். மலிவான எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதனால் அந்த விளக்குகள் நொடிக்கு நூறு முறை கூடிக் குறைகின்றன. ஷட்டர் வேகம் பொருந்தாவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். 1/50, 1/100 வேகங்களில் பெரும்பாலும் தப்பிக்கலாம். வேகமாக அசையும் கையை அந்த வேகத்தில் பிடிப்பது எங்கள் தலைவலி, உங்களுடையதல்ல.

கோயிலில் கல்யாணம். உள்ளே படம் எடுக்கலாமா?

கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்ப முடியாது. கோயில்களுக்குள் செல்பேசி கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்குப் பிறகு கேமராவுக்கும் கெடுபிடி கூடியிருக்கிறது. கோயில் அலுவலகத்தில் எழுத்து மூலமான அனுமதியை நீங்கள் வாங்கித் தாருங்கள். "அங்கே எல்லாரும் தெரிந்தவர்கள்தான்" என்பது அனுமதி ஆகாது. தேவாலயத்தில் பீடத்தருகே ஃபிளாஷ் கூடாதென்று குருவானவர் சொன்னால் அதுவே முடிவு.

பெண்ணைக் கொஞ்சம் வெளுப்பாகக் காட்ட முடியுமா?

முடியும். செய்ய மாட்டோம்.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். வெளிச்சத்தை அளக்கும் கருவி, எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் பட்டு வேட்டி சட்டையில் ஒரு மாப்பிள்ளை முன்னால் நின்றால், வெள்ளையைக் கண்டு கருவி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வேட்டி சற்று மங்கும், முகம் இருண்டு போகும். "கேமராவில் கறுப்பாக விழுகிறேன்" என்று நம்மில் பலர் சிறு வயதிலிருந்தே சொல்லிவந்ததற்குப் பாதிக் காரணம் இது. மீதிக் காரணம் பழையது. கலர் ஃபிலிம் காலத்தில் படம் அச்சிடும் லேப்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. மேலச்செவலில் வயல் வேலை பார்த்த தோல் அந்தக் கணக்கில் கிடையாது.

முகத்துக்கு அளந்து, பக்கவாட்டிலிருந்து மென்மையான வெளிச்சம் கொடுத்தால், மாநிறமும் கறுப்பும் தங்கத்தோடு சேர்ந்து எப்படி மின்னும் என்பதை எங்கள் ஆல்பங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். முகப்பருவை எடுப்போம், தூக்கமில்லாத கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைக் குறைப்போம். நிறத்தில் கை வைக்க மாட்டோம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்கும் இதேதான். நேரில் வரும்போது அவர்களுக்கும் கண் இருக்கும்.

பூப்புச் சடங்கு வீட்டுக்குப் பெண் புகைப்படக்காரர் வேண்டும் என்று உங்களைக் கூப்பிடலாமா?

பாதி வேலை எங்களுக்கு அப்படித்தான் வருகிறது. சடங்கு, வளைகாப்பு, மேலப்பாளையத்தில் நிக்காஹ் வீட்டுப் பெண்கள் பகுதி ஆகியவற்றுக்கு நானும் என் உதவியாளரான ஒரு பெண்ணும் மட்டும் வருவோம். நிக்காஹ் வீட்டுப் படங்கள் கணினியில் தனியாக வைக்கப்படும். தேர்வு செய்வதும் ஆல்பம் அடுக்குவதும் நான் மட்டுமே. அச்சுக்குப் போகும் கோப்பை வீட்டார் பார்த்துச் சரி சொன்ன பிறகே அனுப்புவோம். எங்கள் விளம்பரத்தில் அந்தப் படங்கள் வராது.

சடங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை அவள். அவளைக் கேட்டு யாரும் தேதி குறிப்பதில்லை. தண்ணீர் ஊற்றுவதை நான் படம் எடுக்க மாட்டேன். ஊற்றி முடித்து, தாய்மாமன் கொண்டுவந்த புடவையை உடுத்தி வந்த பிறகே கேமரா வெளியே வரும். தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைக்கப் படம் கேட்டால், முதலில் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன். "வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பையன்கள் பார்ப்பார்கள்" என்று சொன்னவளின் படத்தைத் தர மறுத்து, ஒரு தாய்மாமனின் கோபத்தைச் சம்பாதித்திருக்கிறேன். அவர் இப்போதும் என்னைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும்.

கோயில் கொடைக்கு வருவீர்களா?

வருவோம். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் என்று எந்தக் கோயிலானாலும் முதலில் பேச வேண்டியது வரி பிரிக்கும் தலைவரோடு அல்ல, சாமியாடும் கோமரத்தாடியோடு. அருள் வந்து ஆடும்போது முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடிப்பதை அவர்களில் பலர் விரும்புவதில்லை. தீப்பந்த வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமலே எடுக்கலாம், படம் கொஞ்சம் மணல்மணலாக இருக்கும். அந்த மணல் இருந்தால்தான் நள்ளிரவுச் சாமக்கொடைக்கு உயிர். சாமி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும் நேரத்தில் பெண்கள் போவதில்லை. அங்கே கணவர் போவார். ஊர் வேண்டாம் என்றால் அவரும் போக மாட்டார். வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடக்கும்போது பாடுகிறவர்களை மட்டும் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்று எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். விடிய விடியக் கேட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களின் முகங்களை ஊர்க்காரர்கள்தான் பிறகு வந்து கேட்பார்கள்.

கல்யாணத்துக்கு முன் வெளிப்புறப் படங்கள் எடுக்க எந்த இடம் நல்லது?

குறுக்குத்துறைப் படித்துறை காலையில் அழகு. ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கும் பங்குனி, சித்திரையில் கல்மண்டபங்கள் முழுதாகத் தெரியும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாபநாசம் போகும் வழியெல்லாம் வயலும் மலையும் பின்னால் நிற்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் செம்மண் வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்தில் அடிக்கும். தாடைக்குக் கீழே சிவந்து போகும்; ஆகவே வெயில் சாய்ந்த பிறகே போக வேண்டும். ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைகள் இருக்கின்றன. ஆடிக்காற்றில் அங்கே போய்ப் பட்டுப்புடவையை அடக்க முயன்றவர்களுக்குத்தான் அதன் பலம் தெரியும். உவரிக் கடற்கரைக்கு மாலையில் போகலாம்.

முண்டந்துறை, மணிமுத்தாறு, மாஞ்சோலைப் பக்கம் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியில்லாமல் நாங்கள் கேமராவைத் திறப்பதில்லை.

டிரோன் உண்டா?

உண்டு, உரிமத்தோடு பறக்கவிடும் ஒருவரை அழைத்து வருவோம். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைத் தொழிலுக்குப் பறக்கவிட ஓட்டுபவருக்குச் சான்றிதழும் டிரோனுக்கு அடையாள எண்ணும் வேண்டும். இந்த மாவட்டத்தில் கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம். அந்த ஊர்ப் பக்கம் உங்கள் மண்டபம் இருந்தால் டிரோன் ஆசையை விட்டுவிடுங்கள்.

எழுபது வயதைத் தாண்டியவர்களை ஏன் இலவசமாக எடுக்கிறீர்கள்?

கடையைத் திறந்துவைத்தால் மாதந்தோறும் வரும் ஒரு வேலையால். யாராவது கலங்கிய கண்ணோடு வந்து நிற்பார்கள். அப்பா காலையில் தவறிவிட்டார், பேப்பருக்குப் படம் வேண்டும், சாயங்காலத்துக்குள் வேண்டும். கையில் இருப்பது ஆதார் அட்டை. அல்லது பேரன் பிறந்தநாளில் கேக்குக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் ஒரு முகம். சொந்த வீட்டுக் கல்யாணங்களுக்கு இலட்சக்கணக்கில் செலவு செய்து ஆல்பம் போட்ட குடும்பங்களும் இதில் உண்டு. அந்த ஆல்பங்களில் அப்பா எல்லாப் பக்கத்திலும் இருப்பார்: யாருக்கோ வழிகாட்டிக்கொண்டு, யாரையோ கும்பிட்டுக்கொண்டு, முகம் திரும்பிய நிலையில். அவரை மட்டும் உட்காரவைத்து ஒரு நிமிடம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெரியவர்களை எடுப்பதற்கு ஸ்டுடியோ தேவையில்லை. பழைய வீடாக இருந்தால் முன்பகுதித் தார்சாவில் காலை எட்டு மணி வெளிச்சம் போதும். கூடமான பட்டாசலில் முற்றத்தைப் பார்த்து உட்காரவைத்தாலும் சரி. அவர்கள் தினமும் உட்காரும் நாற்காலியையே போடுங்கள். புதுச் சட்டை வேண்டாம், நாலு தடவை துவைத்த சட்டை போதும். திருநீறு பூசுபவர் என்றால் பூசிக்கொள்ளட்டும், கண்ணாடி போடுபவர் என்றால் போட்டுக்கொள்ளட்டும். "சிரிங்க தாத்தா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பல்செட் ஞாபகம் வந்து வாயை இறுக்கிக்கொள்வார். அவர் வேலை பார்த்த இடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பேப்பர் மில்லோ, பீடிக் கம்பெனியோ, கொழும்பில் கடையோ எதுவாக இருந்தாலும் முகம் தானாக விழித்துக்கொள்ளும்.

பாம்படம் போட்ட ஆச்சி உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள். நேர்முகமாக எடுத்தால் பாம்படம் சரியாகத் தெரியாது. முகத்தைச் சிறிது திருப்பி, தோள்வரை தொங்கும் காது வெளிச்சத்தில் வருமாறு எடுக்க வேண்டும். தங்கத்தை எப்போதோ விற்றுவிட்டு வெறும் காதோடு இருக்கும் ஆச்சிமாரும் உண்டு. அந்தக் காதை கணினியில் "ஒட்டிவிட" முடியுமா என்று பேத்திகள் கேட்பார்கள். ஆச்சியிடமே கேட்டுச் சொல்லுங்கள் என்பேன். இதுவரை ஓர் ஆச்சியும் சம்மதிக்கவில்லை.

குடும்பம் முழுவதும் சேர்ந்த படம் வேண்டுமென்றால் பங்குனி உத்திரத்தை விட்டால் ஆள் சேராது. குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்து சேருவார்கள். பொங்கல் பானை பொங்கியதும், பந்திக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டால் பாதிப் பேர் மரத்தடியில் படுத்துவிடுவார்கள்.

ஆதார் அட்டையிலிருந்து பெரிய படம் செய்ய முடியுமா?

அட்டையில் இருப்பது பெருவிரல் நகத்தளவு படம். அதைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெருக்கினால் முகம் கலங்கிவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இல்லாத கூர்மையைச் சேர்த்துத் தருகின்றன. கண்ணுக்கு இமை வரைந்து, உதட்டுக்குக் கோடு போட்டு, சுருக்கத்தை நிரவி, பார்க்க லட்சணமான ஒருவரைத் தரும். வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இவரு யாரு?" என்று கேட்டுவிடுவார்.

ஆகவே நாங்கள் முதலில் கேட்பது வேறு படம் ஏதாவது கிடைக்குமா என்பதுதான். பிள்ளைகளின் கல்யாண ஆல்பம், வங்கிப் புத்தகம், ஓய்வூதியப் புத்தகம், பழைய ரேஷன் அட்டை, ஊர்ச் சங்கத்துக் குழுப் படம், வெளிநாட்டுக்குப் போனவராக இருந்தால் பாஸ்போர்ட். கல்யாணத்தைப் படமெடுத்த புகைப்படக்காரரிடம் மூலக் கோப்பு இருக்கலாம், கேளுங்கள். அது எங்கள் போட்டிக்காரராக இருந்தாலும் நாங்களே பேசி வாங்கித் தருகிறோம். இத்தகைய விஷயத்தில் இந்த ஊரில் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. ஒன்றும் கிடைக்காவிட்டால் படத்தைச் சிறியதாகவே அச்சடித்து, சுற்றி அகலமான வெள்ளை ஓரம் விட்டுச் சட்டமிட்டுத் தருவோம். சிறிதாக இருந்தாலும் அது அவர் முகம். பதினாறாம் நாள் காரியத்துக்கு அது போதும்.

இறந்தவரை உட்காரவைத்து, மாலையிட்டு, குடும்பம் சுற்றி நிற்க எடுப்பது அப்பா காலத்தில் சாதாரணம். உயிரோடிருந்தபோது எடுக்காதவர்களுக்கு அதுதான் முதல் படமும். இன்றும் கேட்டால் வந்து எடுத்துத் தருகிறோம். அதற்குத் தொகை பேசுவதில்லை.

வெள்ளத்தில் நனைந்த ஆல்பத்தைக் காப்பாற்ற முடியுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, தாமிரபரணி கரை மீறித் திருநெல்வேலிச் சந்திப்பு, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளில் வீடுகளுக்குள் வந்தது. அதற்குப் பிறகு பல மாதங்கள் எங்களுக்கு வந்த வேலையெல்லாம் சேறு படிந்த ஆல்பங்கள். பீரோவின் அடித்தட்டில்தான் எல்லா வீட்டிலும் ஆல்பத்தை வைத்திருக்கிறார்கள். இனிமேலாவது மேல்தட்டுக்கு மாற்றுங்கள்.

நனைந்துவிட்டால் செய்யக்கூடாதது வெயிலில் காயவைப்பது. ஃபோட்டோத் தாளின் மேல் இருக்கும் பூச்சு ஜெலட்டின். தண்ணீரில் அது ஊறி ஒட்டும் பதத்துக்கு வரும். அந்த நிலையில் காய்ந்தால் பக்கத்துப் படத்தோடு ஒன்றாகிவிடும். பிறகு பிரித்தால் முகம் உரிந்து வரும். ஆகவே ஈரமாக இருக்கும்போதே பிரிக்க வேண்டும். காயத் தொடங்கியிருந்தால் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மீண்டும் ஊறவையுங்கள். சேற்றைத் துணியால் துடைக்காமல், தட்டில் தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். பிறகு அச்சில்லாத வெள்ளைத் தாளில், படம் மேலே பார்க்க, நிழலில் காற்றாட விடுங்கள். ஓரங்கள் சுருண்டால் கவலை வேண்டாம், காய்ந்தபின் பாரம் வைத்து நிமிர்த்தலாம். நிறைய இருந்து கை கொள்ளாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு கொண்டுவாருங்கள், அப்படியே படியெடுத்துத் தருவோம். இன்க்ஜெட் அச்சுகள் பெரும்பாலும் மை கரைந்து போயிருக்கும். பக்கங்கள் அட்டையில் ஒட்டிய கரிஷ்மா ஆல்பத்தின் அட்டை ஊதிவிட்டால் அதைக் காப்பாற்றுவது கடினம். ஆனால் அதன் கோப்பு எடுத்தவரிடம் இருக்க வாய்ப்புண்டு. 1992 வெள்ளத்தில் நனைந்த படங்களை ஒரு குடும்பம் அப்போது சரியாக அலசிக் காயவைத்திருந்தது. ஓரங்களில் பழுப்புக் கறை தவிர ஒரு குறையும் இல்லை.

பழைய வீடியோ கேசட்டை மாற்றித் தருவீர்களா?

தருவோம், ஆனால் தாமதிக்காதீர்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை ஏறுகிறது. வீட்டு விசிஆர் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபூனாய் 2016இல் அதை நிறுத்திவிட்டது. எங்களிடம் ஓடும் கருவிக்குப் பழுது வந்தால் உதிரிப் பாகத்துக்கு இன்னொரு பழைய கருவியைத்தான் பிரிக்க வேண்டும்.

படங்கள் யாருக்குச் சொந்தம்? எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?

உங்களுக்கு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர் என்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களிலேயே பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். உங்கள் படத்தை எங்கள் பலகையில் வைக்க வேண்டுமானால் நாங்கள் கேட்டே வைப்போம். கோப்புகளை இரண்டு ஹார்டு டிஸ்குகளில், ஒன்றைக் கடையிலும் ஒன்றை என் அம்மா வீட்டு மாடியிலும் வைத்திருக்கிறோம். வெள்ளத்துக்குப் பிறகு மாடி என்பதில் கண்டிப்பாக இருக்கிறோம். ஆனாலும் உங்கள் பிரதியைப் பென்டிரைவில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். முக்கியமான இருபது படங்களையாவது தாளில் அச்சிட்டு வையுங்கள். அப்பா அறுபதுகளில் அச்சிட்ட படங்களைப் பார்க்க இன்றும் எந்தக் கருவியும் தேவைப்படுவதில்லை. நாங்கள் 2005 வாக்கில் கொடுத்த சிடிக்களைப் போட்டுப் பார்க்க, வீட்டில் இப்போது யாரிடம் டிரைவ் இருக்கிறது?

ஆல்பம் ஏன் இவ்வளவு தாமதம்?

படங்களைத் தேர்வு செய்து நீங்கள் அனுப்பாததால். பெண் வீடு ஒரு பட்டியல், மாப்பிள்ளை வீடு ஒரு பட்டியல், இரண்டும் ஒன்று சேருவதற்குள் முதல் குழந்தைக்குக் காது குத்து வந்த குடும்பம் உண்டு. பட்டியல் கைக்கு வந்த ஒரு மாதத்தில் ஆல்பம் தருவோம்.

உங்கள் குடும்பத்தை யார் படம் எடுக்கிறார்கள்?

அப்பா. கை நடுங்குகிறது, அதனால் முக்காலியில் பொருத்திக் கொடுத்துவிடுவோம். பொத்தானை அழுத்துமுன் இன்றும் எண்ணுகிறார், தாடையைத் தாழ்த்தச் சொல்கிறார். மகளுக்குப் பொறுமை போய்விடும். கணவரும் நானும் சேர்ந்து இருக்கும் படங்களில் பாதி, யாரோ வீட்டுக் கல்யாண மேடையில் விளக்கைச் சரிபார்க்க எங்கள் உதவியாளர் எடுத்தவை. பின்னால் வேறு யாருடைய பெயரோ பூவில் எழுதியிருக்கும்.

அப்பாவை நான் எடுத்த படம் கடையில் கல்லாவுக்கு மேலே இருக்கிறது. ஃபிலிம் கழுவிய பழைய ஹைப்போ ரசாயன நீரில் தங்கும் வெள்ளியை விற்று அவர் எனக்கு முதல் சைக்கிள் வாங்கித் தந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எடுத்தது. உயிரோடிருப்பவர் படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, பக்கத்தில் நாற்காலியில் இருக்கும் அவரே பதில் சொல்லிவிடுவார்.

பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவார்களா?

மகள் கணக்குப் பதிவியல் படிக்க வேண்டும் என்கிறாள். கடையில் பாக்கி வசூலை இப்போதே அவள்தான் பார்க்கிறாள், எங்கள் இருவரையும்விட நன்றாக. மகனுக்குக் கேமராவில் ஆசை இருக்கிறது. முகூர்த்த நாளில் அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக நடக்காது என்று அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

பாஸ்போர்ட் அளவுப் படம் உடனே கிடைக்குமா?

பத்து நிமிடத்தில் கிடைக்கும். எந்த நாட்டு விசா என்பதைச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்கு இரண்டுக்கு இரண்டு அங்குலம், வேறு பல நாடுகளுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர். வெள்ளைச் சட்டை போட்டு வராதீர்கள், பின்னணியும் வெள்ளை. முகூர்த்த நாட்களில் காலையில் கடை பூட்டியிருக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வாருங்கள்.